நாலாவது கசம்

ஆகஸ்ட் 19, 2023

தண்ணி இன்னும் ஒரு சாண் எறங்கிருச்சு. ஆத்துல ஆழமா தண்ணி நிக்கிற கசத்துக்கும் கசத்துக்கும் நடுவுல ஓட்டமே இல்ல, வெறும் பாறை. நாலாவதுல மத்தியானம் 31 டிகிரி. 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிக்கும், 30-ல ஏழரைதான், மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. துடுப்பு இழை கிழிஞ்ச அந்த ஆண் டாக்கின்சியா மட்டும் மருத வேரடியிலயே நிக்கிறான். தாமிரபரணிய விட்டா ஒலகத்துல வேற எங்கயும் இல்லாத மீன். தாங்க முடியல.

ஆகஸ்ட் 31

1901-லேர்ந்து இந்தியாவுல இவ்ளோ காஞ்ச ஆகஸ்ட் வந்ததே இல்லையாம்.

டிசம்பர் 3

நாலாவது ரொம்பிருச்சு. கிழிஞ்சவன் இருக்கான்! தண்ணிய அளந்து பதியிற புது லாகர மருத வேர்ல வயர் போட்டு கட்டினோம், அண்ணாச்சி மூணு முடிச்சு போட்டாரு. "எந்த தண்ணிக்கும் அசையாதும்மா."

டிசம்பர் 17

விடிஞ்சதுலேர்ந்து விடல.

டிசம்பர் 18

கரண்ட் இல்ல. டவர் இல்ல. மூணு முடிச்சு.

டிசம்பர் 22

காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. மலை மேல இருக்குற ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுலயும் கொட்டித் தீத்திருக்கு. கீழ ஜனங்க வீடு வாசல் போயி நிக்கும்போது நான் மீனப் பத்தி யார்கிட்ட போயி கேக்க, ஆனா கேக்காம இருக்கவும் முடியல. ரோடு போச்சு, இப்போதைக்கு மலைக்கு போக வழியில்ல. கைடு மேடம் போன்ல வருஷ மழை ஆவரேஜ் வச்சே தீசிஸ் சாப்டர எழுதிரலாமேங்கிறாங்க. மேடம், ரெண்டையும் கூட்டி வகுத்தா இது நல்ல மழை வருஷம்னுல்ல வரும், ஆகஸ்ட்ல மூச்சு முட்டினதும் டிசம்பர்ல அடிச்சிட்டுப் போனதும் ஒரே மீன்தானேன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன்.

டிசம்பர் 29

மறுபடி மழை. தூக்கம் வரல.

ஜனவரி 6, 2024

போயிட்டு வந்தோம். எனக்கு எடமே அடையாளம் தெரியல. மருதம் வேரோட போயிருச்சு, ஆளாழம் இருந்த கசம் மணல் மூடி முட்டியளவு. கல்லத் தடவிப் பாத்தேன், வழவழப்பே இல்ல, பாசி மொத்தமும் உரிஞ்சு போயிருக்கு, பாசி திங்கிற காரா மீன் இனி எதத் திங்கும். தாடைக்குக் கீழ இருக்குற ஒட்டுத்தட்டால கல்லப் புடிச்சிட்டு காரா ரெண்டு தப்பிச்சிருக்கு, வெரல் நீளம்தான். வலை எட்டு தடவை வீசினோம். டாக்கின்சியா ஒண்ணுகூட இல்ல. அண்ணாச்சி என் மொகத்தப் பாத்துட்டு ஒம்பதாவதா அவரே போயி வீசினாரு.

ஜனவரி 9

அண்ணாச்சி போன். ரெண்டு வளைவு தள்ளி கீழ ஒரு மரம் ஒதுங்கிக் கெடக்காம், வேர்ல வயர் சுத்தியிருக்காம், அதுக்கு அடியில தண்ணி தேங்கி சின்னதா புதுசா ஒரு கசம். மீன் இருக்கான்னு கேட்டேன், நெழலா இருக்கு தெரியல நீங்களே வந்து பாருங்கன்னாரு. ஆறரை பஸ்ஸுக்கு கெளம்புறேன்