ஃபவுல் போட்டுடவா சார்?

"ஃபவுல் போட்டுடவா சார்?" என்று கேப்டன் கேட்டான். "வேணாம், கையத் தூக்கிட்டு நில்லு, மேல விழுந்துடாத" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் டைம் அவுட் முடிந்து விசில் அடித்துவிட்டார்கள்.

கூடைப்பந்து மண்டல ஃபைனல், சொந்த கோர்ட். 61–58, மூன்று பாயிண்ட் நாங்கள் முன்னால். ஒன்பது விநாடி பாக்கி. டைம் அவுட் எடுத்தது அவர்கள். அதனால் பந்தை எங்கள் பக்கத்துக்கே கொண்டுவந்து த்ரோ-இன் லைனிலிருந்து போட்டார்கள். இரண்டு பாஸ். வலது மூலையிலிருந்து ஒரு ஒல்லிப் பையன் தூக்கி எறிந்தான். எங்கள் பையனின் விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. உள்ளே போய்விட்டது. மூன்று பாயிண்ட், 61–61. ஓவர்டைம் ஐந்து நிமிடத்தில் எங்கள் பையன்களுக்குக் கால் ஓடவில்லை. 70–66.

மூன்றாவது குவார்ட்டரில் பன்னிரண்டு பாயிண்ட் லீட் வைத்திருந்து தோற்றால் யார் சும்மா விடுவார்கள்? கிளாஸைக் கட் அடித்துவிட்டு மேளத்தோடு வந்திருந்த கூட்டம் அது. நான் கை கட்டிக்கொண்டு நிற்கும் போட்டோ அன்று ராத்திரியே எல்லாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இருந்தது. 'பி.டி. சார் தூங்கிட்டார்' என்று கீழே எழுதியிருந்தார்கள். வேலூர் கோர்ட்டில் வக்கீலாகப் பிராக்டிஸ் செய்யும் பழைய மாணவர் ஒருவர் நேராகவே வந்து, "இன்னா சார், மூணு பாயிண்ட் லீடுல ஃபவுல் போடணும்னு என்.பி.ஏ. பாக்குற பொடிப் பசங்களுக்கே தெரியுது" என்றார். வாதாடப் பழகிய வாய். நான் பதில் சொல்லவில்லை.

பதில் இல்லாமல் இல்லை. அந்தக் குவார்ட்டரில் எங்களுக்கு டீம் ஃபவுல் நாலு முடிந்திருந்தது. ஐந்தாவது போட்டால் அவர்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தாலும் 61–60, பந்து எங்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் பந்தைத் தூக்குவதற்கு முன்னால் போட வேண்டும். அரை விநாடி பிந்தினால் மூன்று ஃப்ரீ த்ரோ. அந்த எறியும் உள்ளே போய்விட்டால் கூட ஒன்று, மொத்தம் நாலு பாயிண்ட், ஆட்டமே காலி. பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தால் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக், அதாவது முறைகெட்ட ஃபவுல். இரண்டு த்ரோவும் போய், பந்தும் அவர்களுக்கே. சரி, ஒழுங்காகவே ஃபவுல் போட்டோம் என்று வையுங்கள். முதல் த்ரோவைப் போட்டுவிட்டு இரண்டாவதை வேண்டுமென்றே ரிங்கில் அடிப்பான். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை அவர்கள் பிடித்துப் போட்டால் மறுபடி 61–61. அந்த ரீபவுண்டுக்கு யார் குதிப்பது? எங்கள் உயரமான பையன், ஆம்பூர்க்காரன், ஐந்து ஃபவுலாகி வெளியே வந்து டவலைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே, 6.75 மீட்டர் தூரத்திலிருந்து, முகத்துக்கு நேராக ஒரு கை நிற்கும்போது, எங்கள் லெவலில் எத்தனை பேர் போடுவார்கள்?

இவ்வளவையும் அந்த டைம் அவுட்டிலேயே நினைத்தேனா என்று கேட்டால், சத்தியம் செய்ய மாட்டேன். டீம் ஃபவுல் நாலு என்பது தலையில் இருந்தது. ஆம்பூர்க்காரன் பெஞ்சில் இருப்பது கண்ணில் பட்டது. மிச்சமெல்லாம் அந்த ராத்திரி படுக்கையில் சேர்ந்ததாகவும் இருக்கலாம். நான் படித்தது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில், ஹாரி க்ரோ பக் 1920-ல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி. வேண்டுமென்று ஃபவுல் போடுவது ஆட்டமில்லை என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அப்படி ஒன்று உடம்பில் ஏறிவிட்டது. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் 1891-ல் எழுதிய பதின்மூன்று விதிகளில், இரண்டாவது ஃபவுல் செய்தவன் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். அன்று அது குற்றம். இன்று அது கணக்கு. நான் கணக்குப் போட்டு வேண்டாம் என்றேனா, குற்றம் என்று வேண்டாம் என்றேனா?

ரசிகர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைப்பானேன். அவர்களுக்கு ஆட்டம் என்றால் அந்த ஒன்பது விநாடிதான். நாங்கள் தோற்றது ஃப்ரீ த்ரோவில். ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால் தெரியும், தவறவிட்டது மட்டும் ஒன்பது. அதற்குக் காரணம் பஸ். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று நாலு திசைக்கும் போக வேண்டிய பையன்கள். வெயில் தாழாமல் சிமெண்ட் கோர்ட்டில் கால் வைக்க முடியாது, இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். ஃப்ரீ த்ரோ எப்போதும் கடைசி ஐட்டம். "சார், பஸ்ஸு" என்று ஒருவன் பையைத் தூக்கினால் ஐந்து பேரும் தூக்குவார்கள். இதையெல்லாம் வைத்து யார் ஸ்டேட்டஸ் போடுவது? 'ஃபவுல் போடலை' என்பது இரண்டே சொல். எல்லார் வாயிலும் நிற்கும்.

ஆனால் அவர்களும்தான் தொண்டை கட்டக் கத்தினார்கள். கத்தியவனுக்குக் கேட்கும் உரிமை இல்லையா?

என்னை இன்றுவரை குடைவது இதெல்லாம் இல்லை. மறுநாள் கேண்டீனில் நடந்தது. டீயை வைத்துக்கொண்டு பையன்கள் கேப்டனைச் சுற்றி நின்றார்கள். "ஏன்டா, உனக்காவது தோண வேணாமா? ஒரு தட்டு தட்டி இருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்று ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போய், "அவனை ஏன்டா கேக்குறீங்க? நான்தான் வேணாம்னேன்" என்றேன். சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பழியைத் தோளில் வாங்கிக்கொள்கிறோம் என்று. உடனே கேப்டன், "இல்லடா, எனக்கும் ஃபவுல் வேணாம்னுதான் தோணுச்சு. சார்கிட்டயும் அதான் சொன்னேன்" என்றான்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஏன் சொன்னான்? மரியாதையா? கூட்டத்துக்கு நடுவில் சாரைத் தனியாக நிற்க விடக்கூடாது என்றா? இல்லை, நான் சொன்ன பிறகு நிஜமாகவே அவனுக்கும் அப்படித் தோன்றிவிட்டதா? மூன்றாவதாக இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் கோர்ட்டுக்குள் நின்றவன் அவன். அந்த ஒல்லிப் பையன் மூலைக்கு நகர்வதை மூன்று குவார்ட்டராகப் பக்கத்திலிருந்து பார்த்தவன். 'ஏன் கேக்குற?' என்று ஒரு வார்த்தை கேட்க நேரம் இருந்ததா? இருந்திருக்காது. இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு.

அவன் பி.பி.எட். முடித்து இப்போது ஆற்காடு பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. சார். போன வருஷம் போன் செய்தான். அவன் டீமுக்கும் அதே மாதிரி, கடைசி விநாடிகள், மூன்று பாயிண்ட் லீட். "ஃபவுல் போடச் சொல்லிட்டேன் சார். ஜெயிச்சிட்டோம்" என்றான். அப்புறம் அவனே, "ரெண்டாவது த்ரோவை அவன் மிஸ் பண்ணி ரீபவுண்டு அவங்களுக்குத்தான் போச்சு சார். கிட்டப் போய் போட்டான், ரிங்கைச் சுத்தி வெளிய வந்துடுச்சு" என்றான். நான் பயந்தது அப்படியே நடந்திருக்கிறது, பந்து மட்டும் உள்ளே விழவில்லை. இதை வைத்து யார் கணக்கு சரி என்று சொல்வது?

கேண்டீன் விஷயத்தைக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வேறொன்று கேட்டேன்.

"ஃபவுல் போடலாமான்னு பையன் கேட்டானா, நீயா சொன்னியா?"

"அவன் ஒண்ணும் கேக்கல சார். நானாத்தான் சொன்னேன்."