ஸ்டாம்ப் விற்கும் சினிமா கொட்டகை

சென்னை அண்ணா சாலை (பழைய மவுண்ட் ரோடு) போஸ்ட் ஆபீஸ் வளாகத்தில் ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் எலக்ட்ரிக் தியேட்டர் என்ற சினிமா கொட்டகை. அதைத்தான் பார்க்கப் போகிறோம். சென்ட்ரல் வாசலில் "மவுண்ட் ரோடு போஸ்ட் ஆபீஸ்" என்றால் ஆட்டோவில் கூசாமல் 200 கேட்கிறார்கள். கொடுத்தாலும் பாதிப் பேரை ராஜாஜி சாலை ஜி.பி.ஓ. (பெரிய தபால் ஆபீஸ்) வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதுவும் பழைய கட்டடம், அங்கேயும் ஸ்டாம்ப் கவுன்ட்டர் உண்டு. ஆனால் நாம் தேடுவது அது இல்லை. பின்கோடு 600002 என்று அடித்துச் சொல்லுங்கள். அதைவிட, மெட்ரோவில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். குறைந்தபட்சக் கட்டணம்தான். இறங்கி அண்ணா சாலையில் நடந்துவிடலாம்.

போஸ்ட் ஆபீஸ் வளாகத்தில் "எலக்ட்ரிக் தியேட்டர் எது?" என்று கேட்டால் முழிப்பார்கள். "பிலாட்டலி (ஸ்டாம்ப் சேகரிப்புப் பிரிவு) எங்கே?" என்றால் உடனே கை காட்டுவார்கள். டென்ட்டிலும் வாடகை ஹாலிலும் படம் ஓடிய காலத்தில், 1913-இல், சினிமாவுக்கென்றே வார்விக் மேஜர் என்பவர் கட்டிய நிரந்தரக் கொட்டகை இது. ஊமைப் படங்கள்தான். இரண்டே வருஷம், 1915-இல் மூடியாயிற்று. கட்டடம் தபால் துறை கைக்குப் போனது. அதனால்தான் பிழைத்தது என்பேன். இதே சாலையில் பல வருஷம் கூட்டம் அள்ளிய வெலிங்டன் இன்று வெலிங்டன் பிளாசா, பெயர் மட்டும் மிச்சம். சஃபையர், சாந்தி எல்லாம் தரைமட்டம். படம் ஓட்டிக் காசு பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத கொட்டகைதான் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது!

வேலை நாளில் காலையிலேயே போங்கள். ஞாயிறு வீண் அலைச்சல். முகப்பை வெளியே நின்று நன்றாகப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பழைய புரொஜெக்டர், போஸ்டர் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு தகவல் பலகையாவது பளிச்சென்று வைத்திருக்கலாம். ஸ்டாம்புகளை அச்சிட்ட விலைக்கே வாங்கலாம், 5 ரூபாயிலும் ஆசை தீரும். நம் படம் போட்ட 'மை ஸ்டாம்ப்' வேண்டுமென்றால் போட்டோவும் அடையாள அட்டையும் தேவை. ஷீட் 300 ரூபாய், கிடைப்பது 5 ரூபாய் ஸ்டாம்ப் 12. கணக்குப் போட்டால் 60 ரூபாய்ச் சரக்கு! பிள்ளைகளுக்குப் பரிசாகத் தரலாம், மற்றபடி தண்டம்.

மிச்சம் பிடித்த காசோடு திருவல்லிக்கேணி ரத்னா கஃபேக்கு நடையைக் கட்டுங்கள். அங்கே இட்லியைத் தொட்டுச் சாப்பிடக் கூடாது. தட்டு நிறைய சாம்பார் ஊற்றச் சொல்லி, இட்லி ஊறி உடைந்த பிறகு ஸ்பூனால் அள்ள வேண்டும். தீர்ந்தால் மறுபடி ஊற்றுவார்கள், கூச்சப்படாதீர்கள்.