வரப்போரச் சந்தனம்

ஆகஸ்ட் 4, 2024

மேற்கு வரப்பில் நிற்கும் சந்தன மரத்தில் ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. இலைகள் சுண்டுவிரல் நகமளவுக்குச் சிறுத்து, வெளிறி, குத்திட்டு நிற்கின்றன. கணுக்களும் நெருங்கிவிட்டன. அப்பா நட்ட மரம், 16 வயது.

ஆகஸ்ட் 6

பட்டினியோ என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தனம் பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சித்தான் வளரும். துணைமரம் பட்டால் இதுவும் வாடிவிடும். ஆனால் துணைக்கு வைத்த புங்கன் செழிப்பாகவே நிற்கிறது.

ஆகஸ்ட் 11

உடுமலையிலிருந்து மறையூர் போய் வந்தேன். சந்தனக் காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், போனில் படத்தைப் பார்த்ததுமே "ஸ்பைக் நோய் தம்பி" என்றார். கத்தரிச் செடியில் சிற்றிலை நோய் வருமே, அதே வகை. ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், இலையில் தயாராகும் உணவு கீழே இறங்கும் குழாய்களில் குடியேறிவிடுகிறது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிதான் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. குடகில் 1899-இலேயே இந்த நோயைப் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்ததோ 1969-இல். இடையில் 70 வருடம்! எத்தனை மரங்கள் போயிருக்கும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

டெட்ராசைக்ளின் மருந்தை மரத்தில் ஏற்றினால் கொஞ்ச நாள் நல்ல இலை விடும், அப்புறம் நோய் திரும்பிவிடும் என்றார். நோய் கண்ட மரம் இரண்டு மூன்று வருடத்தில் பட்டுப்போகும். அதுவரை அதிலிருந்து பூச்சி மற்ற மரங்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஆகஸ்ட் 18

இரண்டாவது கிளையிலும் வந்துவிட்டது. அம்மா, "ஒரு மழை பார்க்கலாமே" என்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் பக்கத்திலேயே இன்னும் 11 மரங்கள் நிற்கின்றன. சொந்த நிலத்து மரமானாலும் சந்தனத்தை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும். விண்ணப்பம் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 22

போன வாரம் வெட்டியாயிற்று. முடிந்தவரை வேரையும் தோண்டி எடுத்தோம். மற்ற மரங்களைக் கிளை கிளையாகப் பார்த்தேன். இலைகள் அகலமாகவே இருக்கின்றன. இனி வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அக்டோபர் 13

மண்ணில் தங்கிய வேரிலிருந்து ஒரு துளிர் வந்திருக்கிறது. பார்க்க நல்ல பச்சை. நோய் வேர்வழியாகவும் துளிருக்கு வருமாம். அம்மா பார்ப்பதற்குள் பிடுங்கிவிட்டேன்.