மண்ணில் பாக்டீரியா எண்ணிக்கை: பிராக்டிகலுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை

பி.எஸ்சி. இறுதியாண்டு மாடல் பிராக்டிகலில் எனக்கு விழுந்தது தோட்டத்து மண். 1 கிராம் மண்ணை 9 மில்லி சலைனில் (உப்புக் கரைசல்) கலந்து, அதில் 1 மில்லி எடுத்து அடுத்த 9 மில்லிக்கு என்று, டியூபுக்கு டியூப் பத்தில் ஒன்றாக நீர்த்து, 10⁻⁶ (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை போனேன். கடைசி மூன்று டியூபிலிருந்தும் 0.1 மில்லி எடுத்து, மீடியா (பாக்டீரியா வளர்வதற்கான சத்துப் பொருள்) ஊற்றிய பிளேட்டில் ஸ்ப்ரெட் செய்தேன். மறுநாள் 10⁻⁴ பிளேட்டில் 212 காலனி (பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி), 10⁻⁵-ல் 90, 10⁻⁶-ல் 41. மூன்றுமே எண்ணுவதற்கு ஏற்ற வரம்பான 30-க்கும் 300-க்கும் இடையில்! சந்தோஷம் தாங்கவில்லை. மேடம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிப்பெட்டை மாத்தினியாம்மா?" என்றார்.

மாற்றவில்லை. 212-க்கு அடுத்து சுமார் 21, அதற்கடுத்து இரண்டோ மூன்றோ வந்திருக்க வேண்டும். பிப்பெட்டின் உள்சுவரில் ஒட்டியிருந்த முந்தைய கரைசல் டியூபுக்கு டியூப் கூடவே போயிருக்கிறது. முதல் பிளேட்டின்படி கிராமுக்கு 2.12 × 10⁷. கடைசி பிளேட்டின்படி 4.1 × 10⁸. ஒரே மண்ணுக்குக் கிட்டத்தட்ட 20 மடங்கு வித்தியாசம்.

அதனால் டியூபுக்கு ஒரு புது பிப்பெட், இதில் சிக்கனமே வேண்டாம். மண் துகள் சட்டென்று அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கிய கையோடு உறிஞ்சுங்கள். ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) சலைன் கொஞ்சம் ஆவியாகிவிடும், 9 மில்லி அப்படியே இருக்கிறதா என்று டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணும்போது பிளேட்டைக் கவிழ்த்து, எண்ணிய காலனிக்கெல்லாம் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் இரண்டு தடவை எண்ண மாட்டீர்கள்.

கணக்கு ஒரே வரிதான்: காலனி எண்ணிக்கையை, டைலூஷனையும் (10⁻⁴ போன்ற நீர்ப்பு அளவு) பிளேட்டில் விட்ட அளவையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். அந்த 0.1-ஐ மறந்தால் விடை பத்தில் ஒரு பங்காகிவிடும்.

வைவாவில், "செல் என்று சொல்லாமல் ஏன் சி.எஃப்.யு (காலனி உண்டாக்கும் அலகு)?" என்று கேட்பார்கள். சங்கிலியாக ஒட்டியிருக்கும் பல செல்கள் சேர்ந்து ஒரே காலனியாகத்தான் வளரும். செத்த செல்லும் அந்த மீடியாவில் வளராத செல்லும் கணக்கிலேயே வராது. இதை மனப்பாடமாக ஒப்பிக்காமல் புரிந்து சொல்லுங்கள்.

மண்ணுக்குப் பதில் தண்ணீர் கொடுத்து எம்.பி.என். (எத்தனை டியூபில் வளர்ச்சி தெரிகிறது என்பதை வைத்து பாக்டீரியா எண்ணிக்கையை மதிப்பிடும் முறை) செய்யச் சொன்னால், இன்குபேட்டரில் வைக்கும் முன்பே டர்ஹாம் டியூபில் (வாயுவைப் பிடிக்க உள்ளே கவிழ்த்து வைக்கும் சின்ன டியூப்) குமிழி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாயு உண்டாகாத டியூபையும் மறுநாள் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவீர்கள்.