மிக்கோனோஸுக்கு ஏறினோம், சீரோஸில் இறங்கினோம்

இரவுச் சாப்பாடு முடிந்து, பரிமாறுபவர் ஐஸ்கிரீம் கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சுற்றுலாக் கப்பலின் ஒலிபெருக்கியில் மணி அடித்தது. பேசியவர் கேப்டன். ஏஜியன் கடலின் நடுப்பகுதியில் மறுநாள் காற்று, அதன் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் எட்டைத் தொடும் என்று முன்னறிவிப்பு வந்திருப்பதாகவும், ஆகையால் மிக்கோனோஸ் தீவுக்குப் போகப்போவதில்லை என்றும், அதற்குப் பதிலாகக் காலை எட்டு மணிக்கு சீரோஸ் தீவின் எர்முபோலி துறையை அடைவோம் என்றும் அவர் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்தை விட்டு நாங்கள் கிளம்பி அப்போது நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"சீரோஸ்னா எங்கடி இருக்கு?" என்று அக்கா கேட்டாள். எங்கள் மேசையில் யாருக்கும் தெரியவில்லை.

2025ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில் நானும் என் கணவரும், அக்காவும் அத்தானும் போன பயணம் அது. மிக்கோனோஸ், ரோட்ஸ், கிரீட் தீவின் ஹெராக்லியோன், சாண்டோரினி என்று நான்கு துறைகளைத் தொட்டுவிட்டுப் பிரேயஸுக்கே திரும்புவது திட்டம். மிக்கோனோஸின் காற்றாலைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கென்றே அக்கா ஒரு வெளிர்நீலக் கோட்டாப் புடவை வாங்கி வந்திருந்தாள். எனக்குக் காற்றாலைகள் ஒரு பொருட்டில்லை; மிக்கோனோஸிலிருந்து படகில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய டீலோஸ்தான் என் கனவு. அப்போலோ பிறந்த இடமாகக் கிரேக்கர்கள் கொண்டாடிய அந்த ஆளற்ற சிறு தீவின் இடிபாடுகளைப் பார்க்கத் தனியார் படகில் நான்கு இடங்களும், திரும்பி வந்ததும் கடலோர உணவகம் ஒன்றில் மதியச் சாப்பாட்டு மேசையும் இரண்டு மாதங்களுக்கு முன்பே முன்பதிவு செய்து வைத்திருந்தேன். அத்தானுக்கு எந்தத் தீவானாலும் சரி, நல்ல காபி கிடைத்தால் போதும். ஒரே அறிவிப்பு நால்வருக்கும் நான்கு விதமாகக் கேட்டது.

ரிசப்ஷனுக்கு ஓடிய கூட்டத்தோடு நானும் ஓடினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வரிசையில் முன்னால் நின்ற ஒருவர் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிச் சத்தம் போட்டார். அங்கிருந்த பெண் புன்னகை மாறாமல், பயணச்சீட்டின் நிபந்தனைகளில் இது இருக்கிறது என்றாள். உண்மைதான். எந்தத் துறையையும் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடவும், மாற்றவும், நேரத்தைக் குறைக்கவும் கேப்டனுக்கும் நிறுவனத்துக்கும் உரிமை உண்டு என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கப்பல் நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. நாம் படிக்காமல் டிக் அடிக்கும் பக்கத்தில்தான் அது இருக்கும். இறங்காத துறைக்காக நம்மிடம் வாங்கிய துறைமுகக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் கப்பல் கணக்கில் வரவு வைக்கப்படும். கிரேக்க அரசு 2025 ஜூலை முதல் கப்பல் பயணிகளிடம் வாங்கும் கட்டணம் கோடைக்காலத்தில் மிக்கோனோஸுக்கும் சாண்டோரினிக்கும் 20 யூரோ, மற்றத் துறைகளுக்கு 5 யூரோ; ஆகவே மிக்கோனோஸுக்குப் பதிலாக சீரோஸ் வந்ததில் ஆளுக்கு 15 யூரோ எங்கள் கணக்கில் ஏறியது. அத்தான் அதைக் காபிக்கென்று ஒதுக்கிவிட்டார்.

வரிசையில் நின்றபோதுதான் விசா நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது. எங்கள் திட்டத்தில் இருந்த அத்தனை துறைகளும் கிரேக்க மண் என்பதால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் ஒரே முறை நுழையும் வகை போதும் என்றுதான் பயண முகவர் சொன்னார். என் கணவர்தான் பிடிவாதமாகப் பலமுறை நுழையும் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். ஏஜியன் கடலில் பத்துத் தீவு தள்ளினால் துருக்கி. சீரோஸில் இடம் கிடைக்காமல், கப்பல் துருக்கியின் குஷாடாசிக்குத் திரும்பியிருந்தால் ஒற்றை நுழைவு விசா அங்கேயே முடிந்துபோயிருக்கும். மறுபடி கிரேக்கத்துக்குள் நுழைவது பெரும் சிக்கலாகியிருக்கும். ஐரோப்பியப் பயணிகளுக்கு இந்தக் கவலையே கிடையாது என்பதால், அவர்கள் எழுதும் கப்பல் பயணக் குறிப்புகளில் இது வருவதில்லை. இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள், அட்டவணையில் உள்ள நாடுகளோடு அக்கம்பக்கத்து நாடுகளையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியருக்குத் துருக்கி இணையத்திலேயே இ-விசா தருகிறது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

மறுநாள் காலை மேல்தளத்துக்குப் போனபோது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் பளிச்சென்று அடித்தது. இந்த வெயிலைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கேப்டனைத் திட்டினார்கள். மழையில்லை, இடியில்லை, பிறகென்ன ஆபத்து என்பது அவர்கள் கேள்வி. தளத்தின் ஓரத்துக்கு வந்ததும் அக்காவின் மூக்குக்கண்ணாடி பறக்கப் பார்த்தது. கிரேக்கர்கள் மெல்டெமி என்று சொல்லும் வடகாற்று இப்படித்தான் வரும்: மேகமற்ற வானத்தோடு, பகலில் வலுத்து, பெரும்பாலும் இரவில் சற்றே அடங்கி, நாட்கணக்கில் வீசும். எட்டு போஃபோர்ட் என்றால் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வேகம். ஜூலை, ஆகஸ்டுதான் இதன் உச்சம். நம் ஊரில் அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்றுக்கும் இதற்கும் மாதம் மட்டும் ஒற்றுமையன்று. தெற்காசியப் பருவமழையோடு சேர்ந்து உருவாகும் தாழ்வழுத்தம் மேற்கே துருக்கி வரைக்கும் நீள்கிறது. பால்கன் பக்கத்து உயரழுத்தத்திலிருந்து அதை நோக்கிப் பாயும் காற்றுதான் ஏஜியனில் மெல்டெமியாகிறது. ஆக, என் டீலோஸைப் பறித்தது ஒரு வகையில் நம் ஊர்க் காற்றுக்குப் பங்காளிதான். இதை அத்தானிடம் விளக்கியபோது, "அப்போ கோச்சுக்க முடியாது" என்றார்.

காற்றடித்தால் கப்பலுக்கென்ன என்று கேட்பவர்கள், துறையில் நிற்கும் கப்பலைப் பக்கவாட்டில் ஒரு முறை பார்க்க வேண்டும். பத்து மாடி உயரத்தில் இருநூறு மீட்டருக்கு மேல் நீளும் ஒரு சுவர் அது. பாய் விரித்ததுபோலக் காற்றை முழுவதுமாக வாங்கிக்கொள்ளும். குறுகலான இடத்தில் அந்தச் சுவரைத் திருப்பிக் கரையோடு அணைத்து நிறுத்துவது ஒரு சிரமம். கப்பலைக் கடலிலேயே நிறுத்தி, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும் இடமென்றால் சிரமம் இரட்டிப்பாகும். கப்பலின் அடித்தளத்து மேடையும் படகும் அலையில் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்கும். நடுவில் இருக்கும் இடைவெளியை முழங்கால் தேய்ந்த என் அக்கா போன்றவர்கள் தாண்ட வேண்டும். காலையில் எப்படியோ இறக்கிவிட்டாலும், மதியம் காற்று வலுத்தால் கரையில் நிற்கும் ஆயிரம் பேரைத் திரும்ப ஏற்றுவது எப்படி? இதை யோசித்த பிறகு கேப்டன்மீது எனக்கிருந்த வருத்தம் போய்விட்டது. அறிவிப்பை இன்னும் கொஞ்சம் முன்பே தந்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

முன்பதிவுகளின் கதை விசித்திரமாக முடிந்தது. கப்பல் வழியாகச் சுற்றுலா பதிவு செய்தவர்களுக்குக் காலையிலேயே பணம் தானாகக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. நான் மலிவாக இருக்கிறதென்று வெளியே செய்திருந்ததால், கப்பலின் இணையத்துக்குத் தனியே பணம் கட்டி, இரவு பதினொரு மணிக்கு டீலோஸ் படகுக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: அவர்களும் மறுநாள் படகு விடவில்லை, முழுப் பணமும் திரும்ப வரும். என் கப்பல் போயிருந்தாலும் நான் டீலோஸைப் பார்த்திருக்க முடியாது! உணவகத்தில் கட்டிய முன்பணம் மட்டும் போனது போனதுதான். காற்றடித்தாலும் அவர்கள் அடுப்பு எரியத்தானே செய்யும். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. வெளியே பதிவு செய்யும்போது, கப்பல் வராவிட்டால் பணம் முழுவதும் திரும்பும் என்று எழுத்தில் தருகிறார்களா என்று முதலில் பார்ப்பேன். தராவிட்டால் அந்த இடத்தில் எதையும் பதிவு செய்யாமல் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்வேன். பயணக் காப்பீட்டிலும் துறை தவறினால் இழப்பீடு உண்டா என்பது தனி வரியாக இருக்கும். எங்கள் காப்பீட்டில் அந்த வரியே இல்லை என்பதைக் கடலில் வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

சீரோஸைப் பற்றி அந்த இரவு நான் செய்த ஒரே ஏற்பாடு, தீவின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டதுதான். கரையில் அணைந்த கப்பலிலிருந்து பாலம் வழியாக நடந்தே இறங்கினோம்; அக்காவின் முழங்காலுக்கு மிக்கோனோஸைவிட இது நல்லதாகவே போயிற்று. எர்முபோலி என்றால் ஹெர்மெஸின் நகரம், அதாவது வணிகத்தின் கடவுளுடைய ஊர். 1820களில் கிரேக்க விடுதலைப் போரின்போது கியோஸ், ப்சாரா முதலிய தீவுகளிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் கட்டிய நகரம் அது. பிரேயஸ் வளர்வதற்கு முன்பு கிரேக்கத்தின் பெரிய துறைமுகமாக இருந்திருக்கிறது. சலவைக்கல் பாவிய மியாவுலிஸ் சதுக்கமும், எர்ன்ஸ்ட் ஸில்லர் வடிவமைத்த நகரமன்றமும், 1864இல் திறந்த அப்பல்லோன் நாடக அரங்கும் அந்தப் பழைய பணத்தின் மிச்சங்கள். வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாக ஒரு நாட்காட்டித் தீவை எதிர்பார்த்திருந்த அக்கா, மஞ்சளும் இளஞ்சிவப்புமான மாளிகைகளைப் பார்த்துவிட்டு, "இது காரைக்குடி மாதிரில்ல இருக்கு" என்றாள். கடல் வாணிகம் செய்தவர்கள் கட்டிய வீடுகளுக்கு ஒரு குடும்பச் சாயல் இருக்கும்போலிருக்கிறது.

ஊரின் நடுவில் உள்ள மரியன்னை தேவாலயத்தில் ஒரு சிறிய ஓவியம் இருக்கிறது. மரியன்னை கண்மூடிக் கிடக்க, சுற்றிலும் சீடர்கள் நிற்கும் காட்சி. பல தலைமுறைகளாக வழிபாட்டில் இருந்த அந்தப் படத்தில் புகழ்பெற்ற ஓவியர் எல் கிரேக்கோவின் கையொப்பம் இருப்பது 1983இல்தான் தெரியவந்தது. அதுவரை அழுக்கும் புகையும் அதை மூடியிருந்தன. எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதன் முன் நாங்கள் நால்வர் மட்டும் கால் மணி நேரம் நின்றோம். அவர் பிறந்த கிரீட்டில் இரண்டு நாள் கழித்து இறங்கியபோது, இந்தப் படத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து, சீரோஸின் பெயர்பெற்ற இனிப்பான லுகுமி ஒரு பெட்டி வாங்கினோம்; பன்னீர் மணக்கும் மெத்தென்ற துண்டுகள், மேலே மாவுச் சர்க்கரை கனமாகத் தூவியது. அக்கா சதுக்கத்தின் நடுவில் பெட்டியைத் திறந்தாள். மெல்டெமி ஒரே வீச்சில் அத்தனை சர்க்கரையையும் வெளிர்நீலப் புடவையின்மேல் கொட்டியது. நாங்கள் சிரித்ததில் பக்கத்துக் கடைக்காரர் ஈரத்துணியோடு ஓடி வந்தார். அந்தப் பயணத்தில் எடுத்த படங்களில் அக்கா தன் வீட்டில் சட்டமிட்டு மாட்டியிருப்பது அதைத்தான்.

துறை மாறுவதற்குக் காற்று மட்டும் காரணமன்று. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம், கப்பலில் ஒருவருக்கு மாரடைப்பு, முன்னால் வந்த கப்பல் இடத்தை விடாதது என்று எத்தனையோ உண்டு. 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலியத் துறைகள் அட்டவணைகளிலிருந்து மறைந்தன. செங்கடல் வழி போகவேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. 2025 தொடக்கத்தில் சாண்டோரினியில் தொடர்ந்து நில அதிர்வு ஏற்பட்டு ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டே வெளியேறினார்கள். ஆனால் கிரேக்கத் தீவுகளில் கோடையில் போகிறவர்களுக்குக் காற்றுதான் முதல் எதிரி. இன்னொரு முறை போனால் மே அல்லது செப்டம்பரில் போவேன். எத்தனை துறைகளில் கரையோடு அணைகிறது, எத்தனையில் டெண்டர் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டுவேன். டீலோஸ் பார்த்தே தீரவேண்டும் என்றால் கப்பலை நம்பவே மாட்டேன். மிக்கோனோஸில் மூன்று இரவு தங்கி, அதில் காற்று அடங்கும் நாளுக்குக் காத்திருப்பேன்.

சாண்டோரினிக்கு முந்தைய நாளே நாங்கள் பாடம் படித்த மாணவர்களாகிவிட்டோம். எரிமலை வெடித்து உள்வாங்கிய அந்தக் கடலின் ஆழம் முந்நூறு மீட்டரைத் தாண்டும். சாதாரணமாக நங்கூரம் போட முடியாது. டெண்டரில் இறங்கி, கேபிள் காரிலோ ஐந்நூற்றுச் சொச்சம் படிகளிலோ மேலே ஏற வேண்டும். எதையும் முன்பதிவு செய்யவில்லை. அக்கா எந்தப் புடவையையும் எடுத்து வைக்கவில்லை. காலை ஏழு மணிக்குச் சிற்றுண்டிக் கூடத்தில் இருந்தபோது மறுபடி அந்த மணி அடித்தது. சுற்றியிருந்த மேசைகளில் பேச்சு நின்றது. அத்தான் காபிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். டெண்டர் படகுகளுக்கான எண்சீட்டுகளை நான்காம் தளத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்றது அறிவிப்பு. அக்கா பாதி ஆம்லெட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கேபினுக்குப் புடவை மாற்றப் போனாள்.