கேதாரத்தில் கையுறை கழற்றிய வேளை

கேதாரநாதரை நடந்தே போய்த் தொட்டு வணங்க வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாளைய நேர்த்திக்கடன். சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே பாடிப் பரவிய அத்தலத்தை நேரில் காணும் பேறு, தீபாவளியை அடுத்து வரும் யம துவிதியையன்று குளிர்காலத்துக்காக நடை சாத்துவதற்குச் சில நாட்களே இருந்தபோது எங்களுக்கு வாய்த்தது. 3,583 மீட்டர் உயரத்தில் அப்போது இரவுக் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும் என்பதால், உடை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

“சாமி கும்பிடப் போகும்போது புடவை இல்லாமல் எப்படியம்மா?” என்று தயங்கினார். “நடந்து ஏறுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறீர்கள் அத்தை. புடவை நனைந்து காலில் சுற்றினால் ஏற முடியாது. நெற்றியில் திருநீறு இருக்கிறதே, அது போதும்” என்றேன். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் சல்வாரும் கம்பளி ஸ்வெட்டரும், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜெர்கின். பருத்தி உள்ளாடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து, நடை நின்ற மறுகணம் குளிரை எலும்புவரை இறக்கிவிடும் என்பதால்தான் தெர்மல். வியர்வை சேராதிருக்க, ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைப்பதும், உட்கார்ந்தவுடன் வியர்வை ஆறுவதற்கு முன்பே போட்டுக்கொள்வதுமாக நடந்தோம்.

நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டத்தில் குதிரைக்காரர்கள் சிலர் கையைப் பிடித்து இழுத்ததும், “இந்த அம்மாவால் ஏறவே முடியாது” என்று வயதானவரின் முகத்துக்கு நேரே சொன்னதும் மனத்தைப் புண்படுத்தின. 16 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த ஏற்றத்தில் கோவேறு கழுதைகள் இடித்துத் தள்ளும்போது மலைச்சுவர் ஓரமாகவே ஒதுங்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. 2013 வெள்ளம் அடித்துச் சென்ற ராம்பாடாவில் மந்தாகினி ஆற்றைக் கடந்தபின் பாதை செங்குத்தாகிறது. லிஞ்சோலியை நெருங்கியபோது பனித்தூறல் பிடித்துக்கொண்டது. அத்தையின் காலுறை நனைந்துவிட்டது. ஒரு தேநீர்க் கடையில் உட்காரவைத்து, விறைத்த பாதங்களைத் தேய்த்து உலர்ந்த கம்பளிக் காலுறை மாட்டிவிட்டேன். ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே எழுந்து நடந்தார்.

மறுநாள் விடியலுக்கு முன்பே வரிசையில் நின்றோம். பணம் கொடுத்தால் உடனே உள்ளே அனுப்புவதாக ஒருவர் விடாமல் நச்சரித்தார். நாங்கள் நகரவில்லை. கருவறைக்குள் நுழைந்ததும் அத்தை குல்லாவையும் கையுறையையும் கழற்றி என்னிடம் தந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த நெய் டப்பாவுக்குள் கல்லாக உறைந்திருந்தது. விரலால் சுரண்டி எடுத்து, இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கையுறைக்குள் காத்துவைத்திருந்த அந்தச் சூட்டில்தான் நெய் இளகியது. எருதின் திமிலாக எழுந்து நிற்கும் அந்தப் பாறைத் திருமேனியில் அதை மெல்லத் தடவி, நெற்றியை அதன்மேல் பதித்து, “அப்பா, வந்துட்டேன்” என்றார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. அதன்பின் அர்ச்சகர் என்ன சொன்னார், எந்த வழியாக வெளியே வந்தோம், எதுவும் நினைவில் இல்லை.

ஆதிசங்கரர் சமாதியும், 2013 வெள்ளத்தில் கோயிலைக் காத்த பீமசிலா என்னும் பெரும்பாறையும் கண்டு வணங்கினோம். மாலையில் அலங்கார தரிசனமும் கிடைத்தது. மூட்டுவலியோடு மாடிப்படி ஏறவே சிரமப்படுபவரை அவ்வளவு உயரம் நடத்திவந்து, தன்னைத் தொடவும் வைத்த கருணைக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்துவிட முடியும்? கேதாரநாதா, நன்றி அப்பனே! இறங்கும்போதே அத்தை பத்ரிக்கு எப்போது போகலாம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.