எடைமேடையும் ஒரு நட்சத்திரக் குறியும்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 9, திங்கள்

ராத்திரி ஒன்பதரைக்கு எடைமேடைத் தம்பியிடமிருந்து போன். மாங்காய் சீசனில் கூழ் ஆலையிலிருந்து அந்த நேரத்துக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் பிரின்டரில் தாள் சிக்கியிருக்கும். இது வேறு.

“ண்ணா, ஒரு விசயம், திட்டாதீங்க. புது மொபைல் ஸ்கிரீன்ல சீட்டுக்கு விலை மாத்துற பட்டன் எனக்கும் வருது. சும்மா அமுக்கிப் பார்த்தேன். மாறிடுச்சு.”

உடனே பழைய விலையையே மறுபடி போட்டுவிட்டானாம். அவன் குரலில் நடுக்கம் இருந்தது. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? லோடு எடை போடுவது, காலி வண்டி எடை கழிப்பது, சீட்டு அடிப்பது, இவ்வளவுதான் அவன் வேலை. கிலோவுக்கு என்ன விலை என்பதை மேனேஜர் மட்டுமே தொடலாம். ஆலையின் கொள்முதல் புரோகிராமில் நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைத்ததாக நினைத்திருந்தேன் என்பதே சரி.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் பழையபேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து அந்த ஃபைலைத் திறந்தேன். இஜேபி-ஜார் எக்ஸ்எம்எல். இஜேபி என்பது ஜாவா மொழியில் சர்வர் புரோகிராம் எழுதும் ஒரு முறை, இது அதன் அமைப்பு ஃபைல். மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் சும்மா கிடக்கும். ஜாவா கோடு ஒரு வரிகூட அதில் இல்லை. எந்தப் பீனின் (புரோகிராமின் ஒரு பகுதி) எந்த மெத்தடை (அந்தப் பகுதி செய்யும் ஒரு வேலை) யார் கூப்பிடலாம், எது எந்த டிரான்சாக்‌ஷனில் (முழுதாக முடியும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் வேலைக்கட்டு) ஓட வேண்டும் என்று கன்டெய்னருக்கு, அதாவது பீன்களை ஓட்டும் சர்வருக்கு, சொல்லும் சீட்டு அது. 1999இல் வந்த இஜேபி 1.1இலிருந்து இந்த வேலை எக்ஸ்எம்எல்லில்தான் நடக்கிறது. இந்த ஃபைலின் இந்தப் பகுதியை 2008இல் எழுதியவன் நானே. பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

தேவையான இடத்தைத் தமிழில் எழுதிக்கொள்கிறேன்:

மெத்தட்-பெர்மிஷன்: ரோல் எடையாளர். பீன் கொள்முதல். மெத்தட்-நேம் *

மெத்தட்-பெர்மிஷன்: ரோல் மேனேஜர். பீன் கொள்முதல். மெத்தட்-நேம் செட்ரேட்

ரோல் என்பது கூப்பிடுபவரின் பொறுப்பு, செட்ரேட் என்பது விலை மாற்றும் மெத்தட். நட்சத்திரம் போட்டால் அந்தப் பீனின் எல்லா மெத்தடும் என்று பொருள். அதாவது எடையாளருக்கு எல்லாம் கொடு, செட்ரேட்டை மட்டும் எடுத்து மேனேஜரிடம் கொடு. பதினாறு, பதினேழு வருஷமாக நான் இதை இப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் எடையாளர் நுழைந்தால் பட்டனே மறைந்துவிடும். அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஜூனியர் பையன் இந்த வருஷம் எழுதிய மொபைல் ஸ்கிரீனில் பட்டனை மறைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். பட்டன் கதவு இல்லையே, திரைச்சீலைதானே!

ஜூன் 11, புதன்

இஜேபி விதிநூலை எடுத்துப் படித்தேன். பாதுகாப்புப் பகுதியில் தெளிவாக இருக்கிறது: ஒரு மெத்தடுக்குப் பல இடத்தில் பெர்மிஷன் கொடுத்திருந்தால் அத்தனையும் ஒன்றுசேரும். பின்னால் எழுதியதோ, குறிப்பாக எழுதியதோ முன்னதை வெட்டாது. எனவே செட்ரேட்டுக்கு மேனேஜரும் வரலாம், நட்சத்திரத்தின் வழியாக எடையாளரும் வரலாம். நான் பூட்டுப் போடவில்லை. இன்னொரு சாவி வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஏன் இந்த நம்பிக்கை வந்தது என்பதும் அதே ஃபைலில் கொஞ்சம் கீழே இருக்கிறது. டிரான்சாக்‌ஷன் பகுதி. அங்கே நட்சத்திரத்துக்கு ரிக்வயர்டு (ஓடிக்கொண்டிருப்பதோடு சேர்ந்துகொள், இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கு) என்று போட்டு, விலை மாற்றத்தைப் பதிவேட்டில் குறிக்கும் மெத்தடுக்கு மட்டும் ரிக்வயர்ஸ்நியூ (எப்போதும் தனியாகப் புதிதாகத் தொடங்கு) கொடுத்திருக்கிறேன். விலை மாற்றம் பாதியில் தோற்றுப்போனாலும் யார் முயன்றார்கள் என்ற பதிவு நிற்க வேண்டும் அல்லவா. இங்கே விதி வேறு. நட்சத்திரத்தைப் பெயர் வெட்டும். வெறும் பெயரை, பாராமீட்டரோடு (மெத்தட் வாங்கும் மதிப்புகளின் வகையோடு) எழுதிய பெயர் வெட்டும். ஒரு மெத்தடுக்கு ஒரு டிரான்சாக்‌ஷன் குணம்தான் இருக்க முடியும், ஆகவே ஏதோ ஒன்று ஜெயித்தாக வேண்டும். ரோல்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. பத்துப் பேர்கூட ஒரே மெத்தடைக் கூப்பிடலாம். ஆக, மெத்தடைக் குறிக்கும் டேக் ஒன்றுதான், எழுதும் முறையும் ஒன்றுதான், மேலே ஒரு பொருள், கீழே ஒரு பொருள். எழுதியவர்கள் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எக்ஸ்குளூட்-லிஸ்ட்டில் செட்ரேட்டைப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். போட்டால் மேனேஜருக்கும் சேர்த்து மூடிவிடும், அதற்கு மேல் எந்தப் பெர்மிஷனும் செல்லாது. வேண்டாம்.

ஜூன் 13, வெள்ளி

ஜூனியர் காலையிலேயே வந்துவிட்டான். பர்கூரிலிருந்து பஸ். அவனிடம் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு எடையாளருக்கு வேண்டிய மெத்தட்களைப் பெயர் பெயராக எழுதச் சொன்னேன். ஸ்பிரிங் (ஜாவாவில் இன்னொரு முறை) படித்த பையன். ‘கெட்*’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். ஸ்பிரிங்கில் அது செல்லும், கெட் என்று ஆரம்பிக்கும் எல்லாவற்றையும் பிடிக்கும். இங்கே நட்சத்திரம் தனியாக நின்றால்தான் மதிப்பு. பெயரோடு ஒட்டிக்கொண்டால் அப்படியே ஒரு பெயராகப் போய்விடும், அந்தப் பெயரில் மெத்தட் எதுவும் கிடையாது.

அடுத்த தலைவலி, ஒரே பெயரில் இரண்டு மெத்தட். கணக்கிடு என்று ஒன்று எடையை மட்டும் வாங்கும். இன்னொன்று எடையோடு விலையையும் வாங்கும். முதலாவது எடையாளருக்கு வேண்டும், இரண்டாவது கூடாது. பெயரை மட்டும் எழுதினால் இரண்டும் மாட்டும். பிரித்துக் காட்ட மெத்தட்-பாரம்ஸ் (பாராமீட்டர் பட்டியல்) எழுத வேண்டும், அதில் டைப்பின் (மதிப்பின் வகை) முழுப் பெயர் வேண்டும். தசம எண்ணுக்கான டைப்பை அவன் பிக்டெசிமல் என்று மட்டும் எழுதினான். ஜாவா டாட் மேத் டாட் பிக்டெசிமல் என்று பேக்கேஜோடு எழுத வேண்டும். சர்வர் வாயே திறக்கவில்லை, எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. சோதித்துப் பார்த்தபோதுதான் அந்த வரி யாரையும் பிடிக்காமல் தொங்குவது தெரிந்தது.

அதே வகையில் இன்னொன்று: மெத்தட்-பாரம்ஸை எழுதாமலே விட்டால் அந்தப் பெயருள்ள எல்லா மெத்தடும். காலியாக எழுதினால் ஒன்றும் வாங்காத மெத்தட் மட்டும். எழுதாமல் விடுவதும் காலியாக எழுதுவதும் ஒன்றல்ல. பையன் நோட்டில் குறித்துக்கொண்டு, “வீட்டுக்குப் போகாம இருக்கிறதும் வீட்டுக்குப் போய்ப் பேசாம இருக்கிறதும் மாதிரிங்களா, சார்?” என்று கேட்டான். அவனுக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆனது. சிரித்துவிட்டேன்.

சாயங்காலம் அவனை அனுப்பிவிட்டு நிதானமாகப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பட்டியலில் ஒரு மெத்தடை மறந்துவிட்டால்? யாருக்கும் பெர்மிஷன் குறிக்காத மெத்தட் பூட்டிக்கொள்ளும் என்று நினைத்தால் தப்பு. இஜேபி 3 விதிப்படி அதை அன்செக்டு என்று கன்டெய்னர் எடுத்துக்கொள்ளும், அதாவது எல்லோருக்கும் திறந்த வீடு. ஒயில்டுஃபிளை என்ற சர்வரில் அதை மாற்றி, குறிக்காததை மறுக்கச் செய்யும் ஓர் அமைப்பு உண்டு. ஆனால் சர்வர் மாறினால் அதுவும் போய்விடும். நட்சத்திரத்தை எடுத்தால் ஓட்டை, வைத்தால் ஓட்டை.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. சந்தூர்ப் பக்கம் மச்சான் தோப்புக்குப் போனோம். செந்தூரா முடிந்துவிட்டது, பெங்களூராதான் மரம் மரமாய்த் தொங்குகிறது. கூழுக்குப் போவது அதுதான். ஒரு லோடு எடையில் பத்துக் கிலோ குறைந்தாலும் மச்சான் முகம் மாறிவிடும். விலையைச் சீட்டில் யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பைக்கில் திடீரென்று தோன்றியது: நட்சத்திரத்தை மேனேஜருக்குக் கொடுத்தால் என்ன?

ஜூன் 18, புதன்

அதுதான் தீர்வு. இரண்டு ரோலையும் தலைகீழாக்கினேன். மேனேஜருக்கு நட்சத்திரம். எடையாளருக்கு அவன் தொட வேண்டியவை மட்டும், பெயர் சொல்லி, தேவையான இடத்தில் பாராமீட்டர் சொல்லி. பெர்மிஷன்கள் ஒன்றுசேரும் விதியே இப்போது நமக்கு வேலை செய்கிறது. நட்சத்திரம் எல்லா மெத்தடையும் தொட்டுவிடுவதால் அன்செக்டாக விழுவது எதுவும் இல்லை. நாளைக்குப் புது மெத்தட் ஒன்று சேர்த்து, ஃபைலில் எழுத மறந்தாலும் மேனேஜரைத் தவிர யாருக்கும் கிடைக்காது. மொத்தம் ஒன்பது வரி.

“இதை அனோட்டேஷன்ல எழுதலாமே சார், எக்ஸ்எம்எல் எதுக்கு?” என்றான் பையன். கேள்வி நியாயம்தான். 2006இல் இஜேபி 3.0 வந்ததிலிருந்து கோடிலேயே ரோல்ஸ்அலவ்டு என்ற அனோட்டேஷனை, அதாவது யார் கூப்பிடலாம் என்ற குறிப்பை, எழுதலாம். வேடிக்கை என்னவென்றால், அங்கே கிளாஸுக்கு (முழுப் பீனுக்கு) மேல் எழுதியதை மெத்தடுக்கு மேல் எழுதியது வெட்டும். நான் இத்தனை வருஷம் நம்பியபடியே. ஆனால் இந்தப் பீனின் சோர்ஸில் (எழுதிய மூலக் கோடு) பாதி எங்களிடம் இல்லை, ஓட்டத் தயாரான ஜார் ஃபைல் மட்டும்தான் இருக்கிறது. கோடைத் தொடாமல் மாற்ற முடிகிறதே, அதற்குத்தான் இந்த ஃபைல்.

ஜூன் 21, சனி

சீசனில் ஆலை ராத்திரி பகலாக ஓடுகிறது. சர்வரை நிறுத்த ஷிப்ட் மாறும் நேரம்தான் கிடைத்தது. விடியற்காலை இரண்டு மணி. வெளியே ஒன்பது வண்டிகள் வரிசையில் நிற்கின்றன என்று தம்பி போனில் சொன்னான். டிரைவர்கள் ஹாரன் அடிப்பது எனக்கே கேட்டது. ஆறு நிமிஷத்தில் சர்வர் மேலே வந்தது.

“முதல்ல ஒரு லோடு எடை போடு” என்றேன். போட்டான். காலி வண்டி எடை கழிந்தது, சீட்டு வந்தது.

“இப்ப அந்தப் பட்டனை அமுக்கு.”

“வேணாங்ணா.”

“அமுக்குப்பா, நான்தானே சொல்றேன்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சிவப்பா ஏதோ இங்கிலீஷ்ல வந்திருக்குங்ணா, விலை மாறலை” என்றான். லாட்டரி விழுந்தவன் மாதிரி குரல். என் பக்கத்து லாகில் இஜேபி-ஆக்சஸ்-எக்செப்ஷன் என்ற அனுமதி மறுப்புப் பிழை ஒன்று வரிசையாக நாற்பது வரிக்கு ஓடியிருந்தது.

மேனேஜருக்கு விலை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் தூங்குகிறார். ஆறரைக்குக் கூப்பிட்டேன். அவருக்கு மாறியது. மாறிய கையோடு, “மொபைல்ல அந்தப் பட்டன் பையனுக்கு ஏன் இன்னும் தெரியுது?” என்று கேட்டார். ஜூனியர் திங்கள்கிழமை எடுத்துவிடுவான் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.